நீலத் திரை வந்தால் ஃபார்மேட் கடைசி மருந்து

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தின் முடிவில் சமுதாயக் கூடத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இறுதியில் தரப்பட்டுள்ளன.)



தண்ணீர் மீட்டரையும் பார்க்கிங்கையும் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த பிறகும் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் ஒரு செய்தி இது: “வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நீலமாகி ரீஸ்டார்ட் ஆகிறது. நல்ல சர்வீஸ் ஆள் யாராவது தெரியுமா?” ஐந்து நிமிடத்தில் நாலைந்து பதில் வந்துவிடும். அதில் தவறாமல் ஒன்று, “ஃபார்மேட் பண்ணிடுங்க, சரியாயிடும்” என்று இருக்கும். வேலை பார்த்த காலத்தில் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஃபார்மேட் தவறான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கடைசி வைத்தியம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று. டேட்டாவைக் காப்பாற்றுவது ஒன்று. திரை சொன்னதை எழுதிவைப்பது இரண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது மூன்று. இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

நீலத் திரை என்பது என்ன?

நம் எல்லோர் வீட்டு டி.பி. பாக்ஸிலும் இ.எல்.சி.பி. இருக்கிறது. கீஸரில் மின்கசிவு இருந்தால் அது ட்ரிப் ஆகிறது. வீடே இருட்டாகிவிடும். கோபம் வரும். ஆனால் அது ட்ரிப் ஆனதால்தான் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. நீலத் திரையும் அப்படித்தான். விண்டோஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். உங்கள் வேர்ட், குரோம் போன்ற சாதாரண புரோகிராம் ஒன்று தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். கெர்னலிலோ அதோடு ஒட்டி வேலை செய்யும் டிரைவர்களிலோ கோளாறு வந்தால் அப்படி விட முடியாது. தொடர்ந்து ஓடவிட்டால் டிஸ்க்கில் தப்புத் தப்பாக எழுதி, இருக்கிற ஃபைல்களையும் கெடுத்துவிடலாம். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினேன் என்பதை ஒரு குறிப்பாகத் திரையில் எழுதிக் காட்டுகிறது.

இது புதிய வியாதியும் இல்லை. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யிலேயே இந்தத் திரை உண்டு. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது சோக முகம் சேர்ந்தது. 2016-ல் விண்டோஸ் 10-ல் க்யூ.ஆர். கோடு சேர்ந்தது. 2025-ல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதைக் கறுப்புத் திரையாக மாற்றிவிட்டது. உங்களுக்கு நீலமாக வந்தாலும் கறுப்பாக வந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

இ.எல்.சி.பி. ட்ரிப் ஆனால் எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? வீட்டு வயரிங் முழுவதையும் பிடுங்கி எறிவதில்லை. எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். எதைப் போட்டதும் ட்ரிப் ஆகிறதோ அதுதான் குற்றவாளி. கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். ஃபார்மேட் என்பது வயரிங்கையே மாற்றுவது. கசிவு கீஸரில் இருந்தால் வயரிங் மாற்றி என்ன பயன்?

ஒரு வீட்டில் நடந்தது

அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை நீலத் திரை. முதல் கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடி வந்தது. இரண்டாவது கடையிலும் அதே வைத்தியம். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. மூன்றாவது முறை எடுத்துப்போனபோது, முன்னிரண்டு முறையும் தொடாமல் விட்ட டி டிரைவையும் சேர்த்து மொத்தமாகத் துடைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, “நீங்க சொல்லவே இல்லையே, மேடம்” என்றார்களாம். அந்த டி டிரைவில்தான் அவர்கள் வீட்டு சஷ்டியப்தபூர்த்தி வீடியோவும், இப்போது இல்லாத பெரியவர் ஒருவர் பாடிப் பதிவு செய்துவைத்த பாட்டுகளும் இருந்தன. மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை கிடைக்கவில்லை.

கோளாறு எதில் தெரியுமா? இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று கெட்டிருந்தது. அதைக் கழற்றி வைத்த பிறகு நீலத் திரை வரவே இல்லை. அப்படியானால் ஃபார்மேட் செய்ததும் சில நாள் ஏன் நன்றாக ஓடியது? புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம்கள் குறைவு. ரேமில் கெட்டுப்போன பகுதி பயன்படும் வாய்ப்பும் குறைவு. பழைய வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததும் அந்தப் பகுதிக்கும் வேலை வந்தது. நீலத் திரையும் வந்தது. ஃபார்மேட் செய்த சில நாளில் அதே கோளாறு திரும்பினால், சந்தேகம் விண்டோஸை விட்டு உதிரிபாகங்கள் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டாவது ஃபார்மேட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை: டேட்டா

நீலத் திரை இரண்டாவது முறை வந்ததுமே காரணம் தேடக் கிளம்பாதீர்கள். கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகிறது அல்லவா? அந்த நேரத்தைப் பயன்படுத்தி முக்கியமானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். காரணம் டிஸ்க்காக இருந்தால், அது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. சோதனை செய்வதே அதற்குக் கூடுதல் சுமை.

ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் போதும். முதலில் திரும்பக் கிடைக்காதவை: குடும்பப் படங்கள், வீடியோக்கள், நீங்களே எழுதியவை. அடுத்து, கிடைத்தாலும் அலைய வேண்டியவை: கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பென்ஷன் ஆவணங்கள், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றின் ஸ்கேன்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் மறந்துவிடாதீர்கள். நம்மில் பலருக்கு அவைதான் பீரோ.

இன்னொன்றும் இப்போதே செய்துவையுங்கள். விண்டோஸ் 10, 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் நமக்குத் தெரியாமலேயே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்பார்கள். சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது. கோளாறு வந்து பழுதுபார்க்கும்போதுதான் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் டேட்டாவை உங்களாலேயே திறக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே போனில் அந்த அக்கவுன்ட்டுக்குள் நுழைந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை: எழுதிவைப்பது

நீலத் திரை சில விநாடியில் மறைந்து ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது, படிக்கவே முடியவில்லை என்பார்கள். அதை நிறுத்திவைக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடுங்கள். அதில் ‘ஸ்டார்ட்டப் அண்டு ரெகவரி’ என்ற பகுதிக்குள் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

அதில் பார்க்க வேண்டியது ‘ஸ்டாப் கோடு’ என்ற வரி. சில நேரம் அதன் கீழே ‘வாட் ஃபெயில்டு’ என்று ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதியும் நேரமும், ஸ்டாப் கோடு, ஃபைல் பெயர், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்கு முந்தைய சில நாளில் புதிதாக என்ன சேர்த்தீர்கள். புதுப் பிரின்டரா, புது ஆன்டிவைரஸா, விண்டோஸ் அப்டேட்டா, பேரன் போட்ட கேமா?

ஏற்கெனவே நடந்ததை எழுதாமல் விட்டிருந்தால் கவலை வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். காலண்டர் போல நாள்வாரியாக, எந்த நாளில் எது நின்றது, எந்த நாளில் எந்த அப்டேட் ஏறியது என்று காட்டும். முதல் சிவப்புக் குறி எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது, அதற்கு முந்தின நாள் என்ன ஏறியது என்று பாருங்கள். பல நேரம் பதில் அங்கேயே இருக்கும்.

ஐந்தாறு முறை எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரியும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, ஒரே ஃபைல் பெயர் என்றால் டிரைவர்மேல் சந்தேகப்படலாம். பிரின்டர், வைஃபை, டிஸ்ப்ளே போன்றவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன புரோகிராம்தான் டிரைவர்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு, எந்த வேலையோடும் சம்பந்தமில்லாமல் வருகிறது என்றால் முதலில் ரேமைப் பாருங்கள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ போன்ற கோடுகள் மாறி மாறி வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் மெமரி என்ற சொல்லைப் பார்த்ததும் ரேம் வாங்க ஓட வேண்டாம். மோசமான டிரைவரும் அதே கோடுகளைக் கொண்டுவரும். சோதித்த பிறகே செலவு.

கேம் விளையாடும்போதோ வீடியோ பார்க்கும்போதோ ‘வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்’ என்று வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், கிராஃபிக்ஸ் கார்டு, அல்லது சூடு.

ஃபைல் திறக்கவே நேரமெடுத்து, இடையிடையே உறைந்துபோய், பிறகு ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்று வந்தால் டிஸ்க்கைக் கவனியுங்கள். இங்கே அவசரம் அதிகம்.

‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்’ என்றால் ப்ராசஸர், ரேம், மதர்போர்டு போன்ற உதிரிபாகம் ஒன்று தானே பிழையைத் தெரிவித்திருக்கிறது என்று பொருள். இதற்கு ஃபார்மேட் பெரும்பாலும் பயன்படாது.

நீலத் திரையே வராமல் ஸ்விட்ச்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் கரன்ட், பவர் சப்ளை அல்லது சூடு.

வருஷத்துக்கு ஒரு முறை வந்து போனால் நோட்டில் எழுதிவிட்டு விட்டுவிடலாம். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது வேலை: ஒவ்வொன்றாக

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு படிக்கும் பிறகு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

முதல் படி. கீபோர்டு, மவுஸ் தவிர யு.எஸ்.பி.யில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சமீபத்தில் சேர்த்த புரோகிராமை நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது படி, டிரைவர். ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, சந்தேகப்படும் சாதனத்தின் ‘புராப்பர்ட்டீஸ்’ போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் இதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பும். பழையதாகவே இருந்தால் கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் புதியதை எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர்கள் வேண்டாம்.

விண்டோஸ் உள்ளேயே போக முடியவில்லை என்றால் சேஃப் மோடு. ஆன் ஆகும்போது விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை தானாகவே பழுதுபார்க்கும் திரை வரும். அதில் ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வழியாகச் சேஃப் மோடு. அங்கே தேவையான டிரைவர்கள் மட்டும் ஓடும். அதில் தொல்லை இல்லாமல் ஓடினால், கோளாறு நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் படியின் மதிப்பு என்ன என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கம்ப்யூட்டர்களிலும் உதிரிபாகம் எதுவும் கெடவில்லை, வைரஸும் இல்லை. சேஃப் மோடில் நுழைந்து குறிப்பிட்ட ஒரு ஃபைலை நீக்கியதும் அவை எழுந்தன. பிட்லாக்கர் கீ கையில் இல்லாத அலுவலகங்கள்தான் கூடுதலாகத் திண்டாடின.

மூன்றாவது படி, விண்டோஸின் சொந்த ஃபைல்கள். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்ய விண்டோஸில் இரண்டு கட்டளைகள் உண்டு. முதலில் ‘டிஸம்’, பிறகு ‘எஸ்.எஃப்.சி.’. எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும் என்பதால் முழுக் கட்டளைகளையும் சங்க அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்களை இவை தொடாது.

நான்காவது படி, ரேம். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடுங்கள். ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். இன்னும் உறுதியாகப் பார்க்க ‘மெம்டெஸ்ட் 86’ என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓட விடலாம். ரேமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான். இரண்டு குச்சிகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒரு வாரம், மற்றதைக் கழற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். சில நேரம் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகினாலே சரியாகிவிடும். கடற்காற்று வீசும் ஊரில் முனைகளில் படிவு சேர்வது சகஜம். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பையன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் பயாஸில் ‘எக்ஸ்.எம்.பி.’ ஆனில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு. அணைத்துப் பார்த்தால் செலவில்லாமல் முடிந்துவிடலாம்.

ஐந்தாவது படி, டிஸ்க். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலத்தில் ‘குட்’ என்றால் நல்லது. மஞ்சளில் ‘காஷன்’ என்றால் அன்றே பேக்கப். டிஸ்க் மேல் சந்தேகம் இருக்கும்போது பேக்கப் எடுக்காமல் ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள்.

ஆறாவது படி, தூசியும் சூடும். கேபினெட்டைத் திறந்தால் சிலர் வீட்டில் ஃபேனே தெரியாது, பஞ்சு மெத்தைதான் தெரியும். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் தொல்லை வருகிறது என்று நோட்டு சொன்னால் இந்தப் படியை முதலிலேயே செய்யலாம். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று போகும் வழி அடைபடும்.

ஏழாவது படி, கரன்ட். நம் வளாகத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடியில் டெஸ்க்டாப் செத்துப் பிழைக்கிறது. ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் சிஸ்டம் ஃபைல்கள் கெடலாம். பிறகு நீலத் திரையில் முடியலாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு நல்ல பேட்டரி உள்ள யு.பி.எஸ். அவசியம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

அபூர்வமாக ப்ராசஸரும் காரணமாகலாம். 2024-ல் இன்டெல்லே தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் கூடுதல் வோல்டேஜால் கோளாறு வருவதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த வகை வைத்திருப்பவர்கள் பயாஸ் புதியதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட்டை யு.பி.எஸ்.ஸில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

இத்தனையும் எல்லோராலும் செய்ய முடியாது, தேவையும் இல்லை. முதல் இரண்டு வேலைகளை மட்டும் செய்துவிட்டு, நோட்டோடு கடைக்குப் போங்கள். “நீலத் திரை வருது” என்று சொல்பவருக்கும், “மூணு வாரத்துல ஆறு தடவை, கோடு மாறி மாறி வருது, சேஃப் மோட்லயும் வருது” என்று சொல்பவருக்கும் கடையில் கிடைக்கும் கவனிப்பே வேறு. சர்வீஸ் செய்பவருக்கும் அது உதவி. அரை நாள் வேலை மிச்சம்.

ஜாப் ஷீட்டில் “கேட்காமல் ஃபார்மேட் செய்யக்கூடாது” என்று எழுதச் சொல்லுங்கள். எதையாவது மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வாரன்ட்டி தருகின்றன. புதிது வாங்கும் முன் பழைய பில்லைத் தேடுங்கள்.

போலி நீலத் திரை

இது குறிப்பாகப் பெரியவர்களுக்கு. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் நீலமாகி, சத்தம் போட்டு, “உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று வந்தால், அது மோசடி. உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் இருக்காது, மவுஸ் அம்புக்குறி நகராது, அது பேசாது. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் எனி டெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து பேங்க் வரை போய்விடுவார். எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அல்லது ஆல்ட், எஃப் 4 சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். எதையாவது காப்பி செய்து ‘ரன்’ பெட்டியில் ஒட்டச் சொன்னாலும் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

கேள்வி நேரம்

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டருக்குப் பத்து வயது. இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா, சார்?

பதில்: டேட்டாவை எடுப்பதற்கு மெனக்கெடுங்கள், மாமி. அதற்குப் பிறகு, ரேம் மாற்றினால் போதும் என்றால் மாற்றுங்கள். மதர்போர்டு என்றால் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டருக்குப் பெரிய செலவு செய்வது லாபமில்லை.

கேள்வி: நீலத் திரைக்கு வைரஸ் காரணமாக இருக்காதா, அங்கிள்?

பதில்: இருக்கலாம். ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லைப்பா. விண்டோஸ் டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஒரு முறை ஓட்டிவிடு. ஒன்றும் இல்லையென்றால் நான் சொன்ன வரிசையில் போ.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் ஃபார்மேட் செய்யலாம்?

பதில்: டேட்டா வெளியே வந்திருக்க வேண்டும். ரேமும் டிஸ்க்கும் சோதனையில் தேறியிருக்க வேண்டும். டிரைவரைப் பின்வாங்கிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் முதலில் செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பி.சி.’ போய் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். புரோகிராம்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும்.

கேள்வி: பேக்கப் எடுக்கவே எங்களுக்குத் தெரியாதே, என்ன செய்வது?

பதில்: தலைவரிடம் பேசியிருக்கிறேன். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து சமுதாயக் கூடத்தில் இருப்பேன். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பும் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவும் கொண்டுவாருங்கள். காப்பி செய்வதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்வீர்கள். நாங்கள் வழி மட்டும் சொல்வோம். உங்கள் ஃபைல்களை யாரும் திறக்க மாட்டார்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ஃபிளாட் எண்ணைச் செக்யூரிட்டி மேஜையில் உள்ள தாளில் எழுதிவையுங்கள். மதியம் வீட்டுக்கே வருகிறோம்.